ஆவி போட்ட கையெழுத்து

செத்துப்போன மனுஷன் நேற்று மத்தியானம் ஒரு மெயில் அனுப்பியிருந்தான்.

பெலாயோ அதை நாலாவது தடவையாகப் படித்தான். காஸ்த்ரோ நகரத்திலிருந்து கடலோரக் கெம்ச்சிக்குப் போகிற பஸ் குலுக்கிய குலுக்கலில் போன் கையில் நிற்க மாட்டேன் என்றது. வெளியே மூன்று நாளாக விடாத மழை. மெயிலில் மொத்தமே மூன்று வரி. "படகில் வைத்துச் சோதித்தேன். சரியாக வேலை செய்கிறது. இங்கே மழை, விறகெல்லாம் ஈரம், அடுப்பு புகைகிறது." அதன் கீழே எவரிஸ்தோ ஒயார்சோ என்று பெயர். அந்த எவரிஸ்தோ மார்ச் மாதம் கடலோடு போனவன். இது ஜூலை.

"பாஸ், ஒரு சந்தேகம். கீழே நெட் கிடைக்குமா?"

"எங்க கீழே?"

"கடலுக்கு அடியில."

பக்கத்து சீட்டில் பாஸ் ஒர்த்தென்சியா கார்கமோ காகிதப் பையிலிருந்து உருளைக்கிழங்கு மில்காவோவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். போர்ட்டோ மான்ட் போலீஸில் இருபத்தாறு வருஷம் துப்பறிந்து ஓய்ந்தவள். இப்போது காஸ்த்ரோவில் ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறாள். பெலாயோ அங்கே உதவியாளன், கணக்கன், காபி போடுகிறவன், எல்லாம்.

அவன் வாய் ஓயாமல் கிண்டல் பண்ணுவதற்கு ஒரே காரணம் பயம். கடலில் மூழ்கினவர்களை ஏற்றிக்கொண்டு விளக்கெரிய மிதக்கும் கப்பலைப் பற்றி இந்தத் தீவில் கேட்காமல் வளர்ந்தவன் யார்? அவன் பெரியப்பா ஒருவர் அப்படித்தான் போனார், உடல் கிடைக்கவில்லை. ஆவியாவது மண்ணாவது என்று ஆபீஸில் சொல்லிவிடலாம். மழையில், பஸ்ஸில், ஆவி எழுதின மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வரவில்லை.

வழக்கைக் கொண்டுவந்தவள் ஜந்தீரா. பிரேசிலில், குரித்தீபாவில் இருக்கிறவள். முந்தாநாள் வீடியோவில் பேசினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பதினோரு வருஷமாக அவளும் எவரிஸ்தோவும் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. அவன் பிறந்தநாளுக்கென்று காபிப்பொடி பார்சல் அனுப்பியிருந்தாள். அது திரும்பி வந்தது. மேலே தபால்காரர் பேனாவால் 'காலமானார், மார்ச் 18' என்று எழுதியிருந்தார். ஏப்ரலிலிருந்து அவன் பெயரில் அவளுக்கு மெயில் வந்துகொண்டுதான் இருந்தது.

"நாலு மாசமா நான் யார்கூடப் பேசிட்டிருந்தேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து பெலாயோ ராத்திரி விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறான்.

அவர்கள் தொழிலை அவன் அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டான், ஆறு வருஷம் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தும். கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். இது எந்த முதலாளிக்கும் சொந்தமில்லாத கெர்னல், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். உலகம் பூராவும் ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து திருத்துகிறார்கள். பேச்சுவார்த்தையெல்லாம் பொது மெயிலில். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் எழுதினது யார், சோதித்தது யார் என்று பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் 'நான்தான் பொறுப்பு' என்று சொல்ல உயிரோடு ஒரு ஆள் இருக்க வேண்டும்.

எவரிஸ்தோ பார்த்துக்கொண்டது அதில் ஒரு சின்ன மூலை. இந்தத் தீவுகளின் படகுகளில் ஒரு அபாயப் பெட்டி இருக்கிறது. படகு கவிழ்ந்தால், எங்கே கவிழ்ந்தது என்று துறைமுக ஆபீஸுக்குச் சொல்லும். பெட்டியைச் செய்த கம்பெனி மூடி வெகு காலமாகிறது. கெர்னலுக்குள் எவரிஸ்தோ எழுதி வைத்த நிரல்தான் முந்நூற்றுச் சொச்சம் படகுகளில் அந்தப் பெட்டியைப் பேச வைத்துக்கொண்டிருந்தது. மார்ச்சுக்குப் பிறகு ஜந்தீரா அதில் ஐந்து திருத்தம் எழுதியிருந்தாள். பெட்டி இல்லாத ஊரில் அவளால் சோதிக்க முடியாது. ஐந்துக்கும் அடியில் 'சோதித்தவர்' என்று நின்ற பெயர் எவரிஸ்தோ.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிப்பு வெளியாகிறது. கையெழுத்து யாருடையது என்று நாளைச் சனிக்கிழமைக்குள் தெரியாவிட்டால் ஐந்தையும் பிடுங்கியாக வேண்டும். பொறுப்புக்கு ஆள் இல்லாத நிரலுக்கு 'அனாதை' என்று பட்டம் கட்டி, பிறகு நிரலையே தூக்கி எறிவது அங்கே வழக்கம். அப்புறம் முந்நூறு படகுக்கும் கடவுள்தான் துணை.

"எனக்கென்னவோ ஆள் உயிரோட இருக்கான்னுதான் தோணுது," என்றான் பெலாயோ. "புன்டா அரேனாஸ்ல."

"ஏன்?"

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு மெயிலின் தலையிலும் அனுப்பின மணியும், அந்த மணி எந்த ஊர் மணி என்பதும் இருக்கும். எவரிஸ்தோவின் மெயில் எல்லாவற்றிலும் மைனஸ் மூன்று, அதாவது உலகப் பொது நேரத்துக்கு மூன்று மணி பின்னால். "ஏப்ரல்ல நாம எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டோம். குளிர்காலத்துல இங்க மைனஸ் நாலு. வருஷம் பூரா மைனஸ் மூணுலயே இருக்கிறது தெற்கே புன்டா அரேனாஸ்தான். அங்க அவனுக்கு ஒரு மச்சானும் இருக்கான், விசாரிச்சிட்டேன். கடல்ல போன மாதிரி ஒரு நாடகம், பஸ் ஏறினான், அங்க வேற ஒருத்தி, சுபம். எல்லாத்தையும் விட்டுட்டான், இந்தப் பாழாப்போன மெயிலை மட்டும் விட முடியல."

"குரித்தீபாவும் மைனஸ் மூணுதான்."

"தெரியும். அதனாலதான் அந்தம்மாவுக்கு உறுத்தவே இல்ல. நமக்கு உறுத்தணும்ல?"

ஒர்த்தென்சியா கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தாள். கடற்படை போடுகிற ஓத அட்டவணை. கடல் என்றைக்கு எத்தனை மணிக்கு ஏறும், இறங்கும் என்கிற கணக்கு. தீவில் எல்லா அடுப்படியிலும் ஆணியில் தொங்கும். அதில் பென்சிலால் ஐந்து இடத்தில் வட்டம் போட்டிருந்தாள். மெயில் போன நேரத்தை இங்குள்ள மணிக்கு மாற்றிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

"ஒரு நாள் காலையில எட்டு மணி, ஒரு நாள் சாயங்காலம் ஆறு. ஆபீஸ் வேலை பார்க்கிறவன் இப்படி அனுப்புவானான்னு யோசிச்சேன். அஞ்சும் கெம்ச்சியில கடல் நல்லா ஏறி ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போயிருக்கு."

பெலாயோ அட்டவணையைப் பார்த்தான். தண்ணி இறங்கினால் கெம்ச்சியில் படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஏறின பிறகுதான் மிதக்கும். படகில் வைத்துச் சோதிக்க வேண்டுமானால் ஓதத்துக்குக் காத்திருந்தே ஆக வேண்டும். புன்டா அரேனாஸ் ஓதக் கணக்கே வேறு. அவன் பஸ், மச்சான், வேறொருத்தி எல்லாம் ஒரே பென்சிலில் அடிபட்டுப் போனது.

"சரி, ஆள் கெம்ச்சியிலதான். அப்ப கடிகாரம் ஏன் தப்பா இருக்கு?"

"தப்பா இல்ல. மார்ச்சுல இருக்கு," என்றாள் ஒர்த்தென்சியா. புத்தகத்தைப் பைக்குள் போட்டாள்.

செத்தவனுக்கு ஏப்ரல் வராது. பெலாயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எவரிஸ்தோவின் வீடு கரையை ஒட்டி மரக்கால்கள் மேல் நின்றது. கதவைத் திறந்தவள் அவன் மனைவி சுனில்தா. ஐம்பது வயதிருக்கும், அகலமான கை, ஆம்பளை ஸ்வெட்டர். சுற்றுத் தீவுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற சொந்தப் படகு அவளுக்கு உண்டு. குரித்தீபாவிலிருந்து ஒரு அம்மா அனுப்பினார் என்று ஒர்த்தென்சியா சொன்னதும் அவள் முகம் வாடியது. உள்ளே வாருங்கள் என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து மாத்தே இலைத் தேநீர் கலக்க ஆரம்பித்தாள்.

அடுப்பு புகைந்தது. விறகு ஈரம். மெயிலில் படித்த அதே புகை மூக்கில் ஏறினதும் பெலாயோ நாற்காலியைப் பாஸ் பக்கம் நகர்த்திக்கொண்டான். கண்ணை ஓட்டினான். அடுப்படி மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் வயர் தொங்க, செங்கல் அளவில் ஒரு மஞ்சள் பெட்டி. சுவரில் அவள் கல்யாண போட்டோ, ஒரு வட்டக் கடிகாரம்.

"இப்ப மணி என்ன, தோன்யா?" என்று ஒர்த்தென்சியா, ஊர் வழக்கப்படி மரியாதையாக அழைத்து, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

சுனில்தா சுவரைப் பார்த்தாள். "பன்னெண்டே கால்."

பெலாயோவின் போனில் பதினொன்றே கால். அவன் போனை மெதுவாகப் பைக்குள் போட்டான். அப்போதுதான் அதைப் பார்த்தான். அடுப்புக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். நாற்பத்து நாலு சைஸ் இருக்கும். ஆம்பளை பூட்ஸ், நேற்றைய ஈரம் இன்னும் காயவில்லை.

அவனுக்கு ஒரேயடியாக நிம்மதி வந்தது. ஆவிக்குப் பூட்ஸ் எதற்கு? குனிந்து பாஸ் காதில் சொன்னான்: "ஆள் உள்ள இருக்கான். மாடியில. நான் ஏறிப் பார்க்கட்டுமா?"

"உட்காரு," என்றாள் ஒர்த்தென்சியா. "பூட்ஸை மட்டும் பார்த்தே. மேல கம்பியைப் பாரு."

அடுப்புக்கு மேலே கம்பியில் கம்பளிச் சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. நாலு. இரண்டு பெரிசு, இரண்டு சின்னது.

"சின்னக் காலுக்குப் பெரிய பூட்ஸ்," என்று ஒர்த்தென்சியா சுனில்தாவைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு காலுக்கு ரெண்டு சாக்ஸ் போட்டாத்தான் நிக்கும். இல்லையா, தோன்யா? அவர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு, அவர் மெஷின்ல, அவர் பேர்ல அனுப்புறது நீங்கதான்."

சுனில்தா மறுக்கவில்லை. மாத்தேக் குவளையை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

பிறகு சொன்னாள். அவர் எழுதுவார், அவள் சோதிப்பாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். அவருக்குப் படகில் ஏறினாலே குமட்டும். பெட்டியைப் படகில் மாட்டி, ஓதம் ஏறினதும் வெளியே போய், சாய்த்து, குலுக்கி, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதெல்லாம் அவள்தான். வந்து முடிவை அவளே டைப் அடிப்பாள். மெயில் அவர் பெயரில் இருந்தது, அதை யோசிக்கவே இல்லை. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே மெயில் போதும் என்று இருந்தார்கள்.

கடிகாரத்துக்கும் ஒரு கதை இருந்தது. அரசாங்கம் நினைத்த வருஷம் நினைத்த தேதியில் நேரத்தை மாற்றுகிறது என்று எவரிஸ்தோவுக்கு அவ்வளவு எரிச்சல். எந்த மெஷினையும் தானாக மாற விட மாட்டார். ஏப்ரலில் ஒரு நாள் உட்கார்ந்து வீட்டிலிருக்கிற எல்லாக் கடிகாரத்தையும் தன் கையாலேயே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்.

"இந்த ஏப்ரல்ல தள்ள ஆளில்ல," என்றாள். "நான் தள்ளலாம். தள்ளினா, அவர் போனது நிஜம்னு ஆயிடும்."

பெலாயோவுக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. ஆனால் ஒர்த்தென்சியா விடவில்லை. போலீஸ் புத்தி. மஞ்சள் பெட்டியைக் காட்டி, இது யார் படகுப் பெட்டி என்று கேட்டாள்.

சுனில்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்விக்குத்தான் அவள் நாலு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அவர் சின்னப் படகுல இருந்தது. படகு சாஞ்சா பெட்டிக்கு சிக்னல் விட்டுப்போச்சு, அதைச் சரி பண்ணிட்டிருந்தோம். என் படகுப் பெட்டி பழுதாயிருந்துச்சு. அதனால அவரோடதை நான்தான் கழட்டிட்டு வந்தேன். அன்னிக்கு எதிர்த் தீவுல இருக்கிற அவங்க அக்காவுக்கு மருந்து கொடுக்கணும். நான் கொண்டுபோறேன்னேன். 'வேணாம், நீ டெஸ்டை முடி, ரெண்டு மணி நேரத்துல வந்துடுறேன்'னு போனார். படகுன்னாலே குமட்டுற மனுஷன். காத்து திரும்பிடுச்சு. பெட்டி இருந்திருந்தா எங்கன்னு சொல்லியிருக்கும். அது இங்க என் மேஜையில இருந்துச்சு."

அந்த டெஸ்டைத்தான் அவள் முடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து திருத்தமும் அதே சாய்கிற கோளாறுக்காக எழுதினவை. வேறொருவன் பெண்டாட்டி இப்படி மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்றுதான் ஒவ்வொரு ஓதத்துக்கும் இறங்கியிருக்கிறாள். சோதித்தது பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு படகுக்காரி என்று தெரிந்தால் நிரலை அனாதையாக்கி எறிந்துவிடுவார்கள் என்ற பயத்தில் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தாள்.

ஒர்த்தென்சியா பெலாயோவின் போனை வாங்கி வீடியோவில் குரித்தீபாவைக் கூப்பிட்டாள். நடந்ததை அப்படியே சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. ஜந்தீரா முதலில் கோபப்பட்டாள். ஆவி இல்லை என்ற நிம்மதியும், எவரிஸ்தோ நிஜமாகவே இல்லை என்கிற துக்கமும் ஒன்றாக வந்தால் மனுஷிக்குக் கோபம்தான் வரும். இறந்தவர் பெயரில் போட்ட கையெழுத்து செல்லாது, ஐந்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்றாள்.

"டெஸ்ட் பொய் இல்லம்மா. பேர்தான் பொய்," என்றாள் சுனில்தா.

"நான் எப்படி நம்புறது? ஏழு வருஷம் முன்னாடி ஒரு மாசம் பூரா பெட்டி விளக்கு விட்டுவிட்டு எரிஞ்சுது. நான் மூணு தடவை திருத்தி அனுப்பினேன். கடைசியில என்ன காரணம்?"

"எலி," என்றாள் சுனில்தா உடனே. "வயரைக் கடிச்சிருந்துச்சு. எலிக்குத் திருத்தம் எழுத முடியாது, பூனைதான் வளர்க்கணும்னு எழுதினேன்."

ஜந்தீரா தன் போனைத் திருப்பினாள். அவள் மேஜைக்கு மேலே சுவரில் பழுத்துப்போன ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் அந்த வரிதான்.

"கடைசியில எப்பவும் மழையைப் பத்தி ஒரு வரி வருமே," என்று கேட்டாள். "பதினோரு வருஷமா மெயில் வந்தா நான் முதல்ல படிக்கிறது அதைத்தான். அது யாரு?"

"நான்தான். அவருக்கு மழை பெய்யறதே தெரியாது. நனைஞ்சப்புறம்தான் கேட்பார்."

ஜந்தீரா அழுதாள், மறைக்கவில்லை. இந்தப் பக்கம் சுனில்தாவும் அழுதாள். பெலாயோ சாக்ஸ் காய்கிற கம்பியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் எரிகிறது, இந்தப் பாழாய்ப்போன ஈர விறகு.

கடைசியில் ஜந்தீரா முகத்தைத் துடைத்துக்கொண்டு, விதி விதிதான் என்றாள். பழைய கையெழுத்து எதுவும் செல்லாது. நாளைக்குள் ஐந்தையும் மறுபடி சோதித்து, உயிரோடு இருக்கிறவர் தன் சொந்தப் பெயரில் அனுப்பினால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். படித்தவரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நான்தான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும், அவ்வளவே.

ஒர்த்தென்சியா ஓத அட்டவணையைப் பிரித்தாள். "ஒண்ணேகால் மணிக்குக் கடல் ஏறுது."

"ஒருத்தர் படகைச் சாய்க்கணும், ஒருத்தர் பெட்டியைப் பார்க்கணும்," என்றாள் சுனில்தா, பூட்ஸை எடுத்துக்கொண்டே. "நாலு மாசமா ரெண்டையும் நானே செஞ்சேன். தம்பி, உனக்குப் படகு பழக்கமா?"

பெலாயோ பாஸைப் பார்த்தான். பாஸ் ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் அவன் மழையில், பெரியப்பாவை விழுங்கின அதே கடலில், ஒரு படகை வலமும் இடமும் சாய்த்துச் சாய்த்துக் குலுக்கினான். வாந்தி எடுத்தான். நடுவில் தூரத்தில் மூடுபனிக்குள் ஒரு விளக்கு தெரிந்தது. அது எதிர்த் தீவுக்குப் போகும் பயணிப் படகு என்று சுனில்தா சொல்லும் வரை கண்ணை மூடிக்கொண்டே குலுக்கினான். எத்தனை தடவை சாய்ந்தாலும் மஞ்சள் பெட்டியின் விளக்கு அணையவில்லை.

திரும்பி வந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நேரத்தைக் காட்டுகிற மூலைக்கு அம்புக்குறியைக் கொண்டுபோய், அங்கேயே வெகு நேரம் நிறுத்தி வைத்திருந்தாள். பெலாயோ பின்னால் நின்றான், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. அவள் ஒரு தடவை அழுத்தினாள். பிறகு மெயிலை டைப் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக.

"ஐந்தையும் படகில் வைத்துச் சோதித்தேன். சரியாக வேலை செய்கிறது. எவரிஸ்தோ மார்ச் பதினெட்டாம் தேதி கடலில் போய்விட்டார். இங்கே மழை."

கீழே பெயர்: சுனில்தா ரெமோல்காய். மெயிலின் தலையில் மைனஸ் நாலு.

"தம்பி, நீ உயரமா இருக்கே," என்றாள், திரும்பாமலே. "அந்தச் சுவர்க் கடிகாரத்தையும் இறக்கிக் கொடு."

அவன் எட்டி எடுத்துக் கொடுத்தான். அது நாலேகால் காட்டியது. அவள் மடியில் வைத்து, பின்புறத் திருகைப் பிடித்து, முள்ளை மெதுவாகப் பின்னால் தள்ளினாள். அந்த வீட்டில் அன்றைக்கு மூன்றேகால் மணி இரண்டு தடவை வந்தது.